மைக்ரான் அண்ணன் மாட்டிய ஃபில்டர்

ரசத்தையும் மாப்பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மைக்ரான் அண்ணன்.

அவிநாசிபாளையத்துப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நான் லேப் உதவியாளனாக இருந்தபோது, தண்ணீர் பிளான்ட் அவர் பொறுப்பில் இருந்தது. போர்வெல் தண்ணீரில் வரும் மண்ணையும் துருவையும் ஃபில்டரில் நிறுத்திவிட்டு, சாய மெஷினுக்குச் சுத்தமான தண்ணீரை அனுப்ப வேண்டும். ஃபில்டர் என்பது முழங்கை நீளத்துக்கு ஓர் உருளை. எவ்வளவு பொடியான தூசி வரைக்கும் அது பிடிக்கும் என்பதை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். மற்றவர்கள் ஷிப்ட் முடிந்ததும் மைக்ரானை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் அதையும் கூட்டிக்கொண்டு போவார்.

கேன்டீனில் யாராவது தங்கைக்கு வரன் வந்திருப்பதாகச் சொன்னால் போதும்.

"பையன் எத்தனை மைக்ரானுங்க?"

அஞ்சு மைக்ரான் என்றால் தங்கமான பையன், கெட்டது எதையும் உள்ளே விடமாட்டான். அம்பது மைக்ரான் என்றால், "வேண்டாமுங்க. குவார்ட்டர் பாட்டிலே முழுசா உள்ள பூந்துரும்" என்பார். இவரிடம் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட எனக்கு அவர் கொடுத்த மதிப்பு இருபத்தஞ்சு. பார்டரில் பாஸ்.

ஃபில்டர் விற்க வரும் ஆட்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள். சாம்பிளை வாங்கிய கையோடு ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்து, முகர்ந்து, விரலால் பிய்த்துப் பார்ப்பார். ஒருநாள் மூன்று வகை சாம்பிள் வந்தது. நூல் சுற்றியது ஒன்று, பிளாஸ்டிக் இழையைப் பஞ்சுபோல் அடர்த்தியாகப் படியவைத்த ஸ்பன் ஒன்று, விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்த பிளீட்டட் ஒன்று. எதை வாங்குவது? அண்ணன் மூன்றையும் தூக்கிக்கொண்டு நேராகக் கேன்டீனுக்குப் போய், ரச அண்டாவைக் கைப்பற்றினார்.

நூல் சுற்றியதில் மிளகு நின்றது, புளிச் சக்கை தப்பித்தது. பிளீட்டடில் முதல் கரண்டியிலேயே கொத்தமல்லி மேலே அப்பி, ரசம் ஸ்தம்பித்து நின்றுவிட்டது. ஸ்பன்னில் ஊற்றியது பொறுமையாக இறங்கி, கோயில் தீர்த்தம்போல் வெளியே வந்தது.

"பாருங்க, இந்த மடிப்புக்காரன் நாகரிகமானவனுங்க. முன்னயே சுத்தமான தண்ணிய இன்னும் சுத்தம் பண்ணுவான், அவ்வளவுதான். நம்ம போர்வெல் தண்ணிக்கு ஸ்பன்தானுங்க. அழுக்க அடிமட்டம் வரைக்கும் உள்ள வாங்கி வெச்சுக்குவான்."

"எழுவது பேர்த்துக்கு வெச்ச ரசமுங்க அது!" என்று சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று எல்லோருக்கும் மோர்தான்.

வினை வெள்ளைத் துணி ரூபத்தில் வந்தது. கைக்குழந்தைகளுக்கான வெள்ளை உடுப்பு, வெளிநாட்டு ஆர்டர். அது கெட்டால் பட்டறைக்கே பூட்டு என்று பேச்சு. அந்த வாரம் பார்த்து எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது.

"ஏப்பா, ஊரு பூரா நூலு கெடக்குது. நூல் சுத்துன ஃபில்டர நாம எதுக்கு வெளிய வாங்கோணும்?"

பனியன் ஊர்க்காரருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. குடோனில் மிஞ்சிக் கிடந்த சிவப்புப் பருத்தி நூலைப் பழைய ஃபில்டர் கூட்டின் மேல் சுற்றச் சொல்லி, பன்னிரண்டு உருளைகள் செய்தும்விட்டார். பார்க்க, மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்குச் சிவப்பு கட்டித் தயாரானவைபோல் இருந்தன.

அண்ணன் ஒன்றை எடுத்து முகர்ந்தார். "பருத்தி பஞ்சு விடுமுங்க. சாயமும் போகுமுங்க."

முதலாளியின் வெள்ளை மீசை துடித்தது. "சாயம் போகுமா? அது நம்ம பட்டறையில போட்ட சாயம்! நாளைக்குப் பூஜை முடிஞ்சு வெள்ளைத் துணி லாட்டு மெஷின்ல ஏறும்போது இது மாட்டியிருக்கோணும். இல்லாட்டி நீ கேட்டுக்கு வெளிய நிக்கோணும்."

அண்ணனுக்கு இரண்டு பெண்கள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்கள். "மாட்டிருங்கண்ணா, கெட்டா அவரு பாடு" என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் முதலாளி பட்டறையிலிருக்கும் தன் அறையிலேயே வெந்நீரில் தலைமுழுகி, பூஜை போட்ட பிறகுதான் மெஷினைத் தொடவிடுவார். மணி ஒன்பது. சூடம், தேங்காயோடு நாங்கள் வாசலில் நின்றோம். கதவு திறந்தது.

முதலாளியின் நரைத்த தலை ரோஜா நிறத்தில் இருந்தது. துண்டும் ரோஜா. மீசை மட்டும் சற்றுத் தூக்கலாக, செம்பருத்தி. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க நான் பட்ட பாட்டில் தேங்காய் கைநழுவி விழுந்து உடைந்தது.

அவர் பதறிக் கேட்ட முதல் கேள்வி, "மெஷினுக்கு இந்தத் தண்ணி போயிருச்சா?"

"இல்லீங்க" என்றார் அண்ணன். "அங்க ஸ்பன்தானுங்க இருக்குது. உங்க ஃபில்டர உங்க வெந்நீர்க் குழாயில மாட்டியிருக்கறனுங்க."

முதலாளி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் மீசையைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "ஏய்யா, எம் மேலதானா சோதிக்கோணும்?" என்றார்.

"நீங்க பெரியவங்க, தாங்குவீங்க. கொழந்தைக துணிய வாயில வெச்சுச் சப்புமுங்க."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் கிட்டே போய் மீசையை உற்றுப் பார்த்து, "துணியில நிக்காத சாயம் இதுல நல்லா நிக்குதுங்க" என்றார்.

முதலாளி அன்றே மீசையை எடுத்தார். அண்ணனை எடுக்கவில்லை. சாயங்காலம் இரண்டு பெட்டி ஸ்பன் வந்து இறங்கியது. வெள்ளை லாட் வெள்ளையாகவே கப்பல் ஏறியது.

அடுத்த வருடம் எனக்குப் பெண் பிறந்தாள். அண்ணன் ஒரு வெள்ளை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். புதுத் துணி, ஆனால் பல தடவை துவைத்ததுபோல் தொளதொளத்திருந்தது.

"மூணு தடவை சுடுதண்ணியில ஊறப்போட்டேன் கண்ணு, சாயம் போகுதான்னு."

"வெள்ளைத் துணிக்கு எதுங்கண்ணா சாயம்?"

"இருந்தாலும், நம்ம பாப்பா போடறதில்ல?"

பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த உடுப்பை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.