மச்சானை அமுக்கிய விதம்

மச்சானை ஒரேயடியாக அமுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. என் வீட்டு முன்னறையில் இருக்கும் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில்தான் ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட கையோடு இரண்டு தெரு தள்ளி அதே தொழிலில் கடை போட்டான். போதாக்குறைக்கு இணையத்தில் விளம்பரம். நானும்தான் கொடுத்திருந்தேன். ஆனால் போனில் யார் தேடினாலும் முதலில் அவன் பல்லைக் காட்டுவான். அக்கா புருஷன் அவனுக்குக் கீழே.

அந்த விளம்பரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. யாராவது அதை அமுக்கினால், விளம்பரம் கொடுத்தவன் கையிலிருந்து காசு போகும். ஃபிரிட்ஜ் கெட்டவன் அமுக்கினாலும் போகும், வயிறு எரிந்தவன் அமுக்கினாலும் போகும். அன்றைக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்தால் விளம்பரம் மறைந்துவிடும்.

அமுக்கினேன். பல் தேய்த்துக்கொண்டே அமுக்கினேன். சாப்பிடும்போது இடது கையால் அமுக்கினேன். மனைவியின் போன், மகளின் போன், எதையும் விடவில்லை.

"என்னங்க, கட்டை விரல் வீங்கியிருக்கு?"

"ஸ்பேனர் பிடிச்ச கை. அப்படித்தான் இருக்கும்."

"கடையிலதான் வேலையே இல்லையே."

"இனிமே வரும்."

தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தாள்.

ஒரு நாள் தேடினால் மச்சானைக் காணோம். மறுநாளும் இல்லை. வீட்டில் எந்தப் போனிலும் இல்லை. ஆள் காலி. எதிரியே இல்லாதவனுக்கு விளம்பரம் எதற்கு என்று என்னுடையதையும் நிறுத்தினேன். கடையில் காலை நீட்டி உட்கார்ந்து கூட்டத்துக்காகக் காத்திருந்தேன். பாட்டுகூட முணுமுணுத்தேன்.

கூட்டம் வரவில்லை. ஈ வந்தது. அதுவும் உட்காரவில்லை.

பிறகு ஒரு காலையில் எதிர்வீட்டு வாசலில் மச்சானின் வேன் வந்து நின்றது. என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். எதிர்வீட்டு டெய்லரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவனை எப்படிக் கூப்பிட்டீங்க?"

"போன்ல தேடினேன். அவர்தானே முதல்ல வர்றார்."

காட்டினார். வந்திருந்தான், முழுப் பல்லோடு.

உள்ளே ஓடினேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் விளம்பரம் ஊருக்கே தெரியுது. நம்ம வீட்டுல மட்டும் ஏன் தெரியல?"

"நான்தான் மறைக்கச் சொன்னேன். குறிப்பிட்ட ஒரு வீட்டு நெட்டுக்கு மட்டும் காட்டாம வைக்க வழி இருக்காம்."

"உனக்கெப்படி..."

"எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து வர்ற கள்ளக் கிளிக்குன்னு விளம்பரக் கம்பெனியே கண்டுபிடிச்சிடுச்சு. தம்பி கையை விட்டுப் போன பணமும் திரும்பி வந்துடுச்சு. நேர்ல வந்து கேக்கறேன்னான். நான்தான் வேணாம்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க பாட்டு பாடிட்டு இருந்தீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்களை அவ்வளவு சந்தோஷமா நான் பார்த்ததே இல்ல."

உட்கார்ந்தேன். மடித்து வைத்த துணி மேல்தான் உட்கார்ந்தேன். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

"அப்போ நம்ம கடை?"

"திங்கக்கிழமையிலேர்ந்து தம்பி கடைக்குப் போங்க. பேசி வெச்சிருக்கேன். போன் எடுக்கற வேலை மட்டும் உங்களுக்குக் கிடையாதுன்னுட்டான்."