பிசிறு அம்மிணி பாஸ் செய்த பஞ்சம்

எந்தப் பேராசிரியரும் கண்டுபிடிக்க முடியாத பிழையைப் பிசிறு அம்மிணி அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். இத்தனைக்கும் அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. தைத்த துணியில் தொங்கும் நூலுக்குப் பிசிறு என்று பெயர். அதை வெட்டிவிட்டு, பழுதான இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தையல்காரருக்கே திருப்பியனுப்புவது அம்மிணியின் வேலை. வேலை என்ன வேலை, வியாதி. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தோளில் ஒட்டினார். "காலர் கோணலுங்க." மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கோணல்தான்.

நான் பத்தாவதைப் பாதியில் விட்டு, லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர் என்று நாலு ஊர் சுற்றி அங்கே பண்டல் கட்ட வந்தவன். பள்ளிச் சான்றிதழ் கேட்காத தபால் படிப்பில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தேன். வீட்டிலேயே விடை எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். 'பஞ்சம் ஏன் வந்தது?' என்ற கேள்விக்கு நான் அனுப்பிய பதினான்கு பக்கம் திரும்பி வந்தது. 'கேட்டதற்குப் பதில் இல்லை. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே.' அதுவும் தவறினால் தேர்வெழுத முடியாது. அந்த வருடமே போய்விடும்.

மறுபடி பதினாறு பக்கம் எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் அம்மிணி அதைத் துணி மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, அவங்க கேட்டது எண்பத்தஞ்சு சைஸு. நீங்க தொண்ணூத்தஞ்சுல தெச்சிருக்கறீங்க. பஞ்சம் எதுக்கு வந்துச்சுன்னா, ராசாவோட அப்பாரு கல்யாணத்துல ஆரம்பிக்கறீங்களே?"

"அது முன்னுரைங்க அம்மிணி."

"பிசிறுங்க!"

ஒட்டினார் ஒரு அம்பு. 'மக்கள் பெரிதும் துன்புற்றனர்' என்ற வரிக்கு இன்னொன்று. "எந்த ஊரு, என்ன துன்பம்னு சொல்ல வேண்டாங்களா? காஜா அடிக்காம பட்டன் வெச்சாப்பல இருக்குது."

கடைசிப் பக்கத்தில் நின்றார். மழை பொய்த்த வருடத்திலும் தானியம் கப்பலேறியது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன்.

"இதுதானுங்க பீஸு. இத முன்னால வெய்யிங்க. மத்ததெல்லாம் வெட்டோணும்."

எழுதிய எனக்கே தெரியாத விடை!

ஐந்து பக்கமாகச் சுருக்கி எழுதினேன். கடைசி நாள் அவசரத்தில் அம்பு ஒட்டிய பழைய பக்கங்களையும் அதே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் வந்தது. தேர்ச்சி. கீழே பேராசிரியர் கையால் எழுதியிருந்தார்: 'அம்பு ஒட்டிய இடமெல்லாம் சரி. ஒட்டியவர் யார்?'

ஓடிப்போய்க் காட்டினேன். அம்மிணி கத்தரியைக் கீழே வைக்காமலே படித்தார்.

"நல்ல செக்கிங்காரராட்ட இருக்குதுங்க. எந்தக் கம்பெனிங்க?"

மூன்றாம் வருடம் பட்டம் வந்தது. பெயர் போடும் இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. எனக்கு அது அச்சுப் பிழையாகவே பட்டது.