காலியாக இருந்த மூலை

உள் அலங்காரம் படித்தவர்கள் முதலில் கைவைப்பது சொந்த வீட்டில்தான். வேறு யார் நம்பித் தங்கள் வீட்டைத் தருவார்கள்?

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். (அந்தப் பெருமையில் கழுத்து கொஞ்சம் நீளமாகவே இருந்தது.) வேலை கேட்டுப் போன இடத்தில் மேடம், "நீ முடிச்ச ரூம் ஒண்ணு காட்டு. சனிக்கிழமை நானே வந்து பாக்கறேன். நல்லாயிருந்தா வேலை" என்றார். என்னிடம் இருந்தது எங்கள் காத்திவாக்கம் வீட்டுக் கூடம் மட்டும்.

கல்லூரியில் சொல்லித் தந்த படிகள் எனக்கு மனப்பாடம். வீட்டுக்காரர்களிடம் தேவையைக் கேட்க வேண்டும். பிறகு அளவு, மையக் கருத்து, வரைபடம், பொருள் தேர்வு, வேலை, கடைசியாக ஒப்படைப்பு. முதல் படியைத் தாண்டிக் குதித்தேன். பிறந்து வளர்ந்த வீட்டில் யாரிடம் என்னத்தைக் கேட்பது?

அளந்தபோது ஜன்னலோர மூலை காலியாக இருந்தது. அங்கே க்ரீம் நிற மெத்தை போட்ட தாழ்வான இருக்கை. மையக் கருத்து, கடல். (மீன்பிடிக்கிற வீட்டுக்குக் கடல். அதற்கும் ஒரு மூளை வேண்டும்.) நீலத் தலையணைகள், சுவரில் அழகாகச் சுருட்டி மாட்டிய புதுக் கயிறு.

சனிக்கிழமை வந்த மேடம் அந்த இருக்கையில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துத் தலையசைத்தார். மனதுக்குள் நான் அடையாள அட்டையே மாட்டிக்கொண்டேன். அப்போது வாசலில் குரல்.

"நவுரு நவுரு, வெயிட்டா கீது."

நைனாவும் சித்தப்பாவும் படகு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அது மெக்கானிக்கிடம் போயிருந்ததால்தான் மூலை காலி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது. தினம் பார்ப்பதாலேயே கண்ணில் படாமல் போயிருக்கிறது.

"நைனா, இன்னிக்கு மட்டும் வெளிய வெய்யேன்."

"வெளிய வெச்சா எவனாவது தூக்கினு பூடுவான். மேடம், கொஞ்சம் எயுந்துக்கோங்க."

மேடம் எழுந்தார். இன்ஜின் சாய்ந்து படுத்தது. க்ரீம் மெத்தையில் ஆயில் நிதானமாகப் பரவியது. நைனா சுவரிலிருந்து கயிற்றை உருவி, அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். "நல்ல கயிறும்மா. கரெக்டா இங்கியே மாட்டிக்கீற" என்று பாராட்டு வேறு.

மேடம் அம்மாவிடம் திரும்பினார். "ரூம் பிடிச்சிருக்கா?"

"சோக்காத்தான் கீது மேடம். இதெல்லாம் எப்போ எடுத்துனு போவீங்கோ?"

மேடம் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "வேலை உண்டு. ஆனா இப்போதைக்கு உனக்கு முதல் படி மட்டும்தான்." அதன்பிறகு வெகுகாலம் என் உத்தியோகமே, ஊரார் வீட்டுக்குப் போய் செருப்பை எங்கே விடுவீர்கள், கேஸ் சிலிண்டரை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பதுதான்.

இன்று நானே தனியாக வீடுகள் செய்கிறேன். எங்கள் வீட்டு மெத்தை கறுத்துவிட்டது; அதில் இன்ஜின் சுகமாகத் தூங்குகிறது. போன மாதம் வந்த மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்து, எனக்குச் சம்மதம் என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

நைனா மூலையைக் காட்டினார்.

"நீ சொல்ட்டா ஆச்சா? இன்ஜின கேட்டியா?"