எண்ணூறு வருடச் சுவர்

வில்ஃப் சற்றே சாய்ந்துதான் உட்கார்ந்தான். சுவர் உச்சியிலிருந்து தலையணை அளவுக் கல் ஒன்று சரிந்து அவனுடைய சாண்ட்விச்சின் மேல் விழுந்தது.

"போச்சு," என்றான் கோர்டன். "மடத்தையெல்லாம் இடிச்ச எட்டாம் ஹென்றி ராஜா விட்டு வச்சத நீ முடிச்சிட்ட."

மூவரும் யார்க்‌ஷயரில் ஒரே நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு உடைய உழைத்தவர்கள். ஓய்வு பெற்றபின் மாதம் ஓர் இடிபாடு பார்ப்பதென்று ஏற்பாடு. இந்த மாதம் மடாலயம். காரை நிறுத்திய இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தபோது, வழி கேட்கலாம் என்றான் டென்னிஸ். முன்பின் தெரியாத ஆளைப் போய்த் தொந்தரவு செய்வதா என்று மற்ற இருவரும் கூசினார்கள். இடது பக்கம் சுவர் தெரிந்தது; வந்துவிட்டார்கள்.

"கல்லச் சேதப்படுத்தினா கோர்ட்டுன்னு வாசல்ல பலகை இருந்துச்சுடா," என்றான் டென்னிஸ், கைத்தடியை ஊன்றியபடி.

வில்ஃப் நாற்பது வருடம் சுரங்கக் கூரைக்கு முட்டுக் கொடுத்தவன். அவன் வேலை நேரத்தில் ஒரு கூழாங்கல்கூட விழுந்ததில்லை. மடத்தை இடித்தான் என்று பேப்பரில் வந்தால், ஊரில் தலைகாட்ட முடியாது.

கல்லைத் தூக்கித் திரும்ப வைத்தான். பக்கத்துக் கல் இரண்டு விழுந்தன. அவற்றையும் வைத்தான். சுவர் கர்ப்பிணி போல வயிறு தள்ளியது.

"தடியக் குடு."

"நான் எதப் புடிச்சு நிக்கறது?"

"கோர்டனப் புடி."

தடியைச் சாய்த்து முட்டுக் கொடுத்தான். தடி வளைந்தது. குடையையும் சேர்த்தான். குடை விரிந்துகொண்டது. கடைசியில் தோளையே கொடுத்து நின்றான். இனி நகர்ந்தால் சுவர் வரும். மழையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கிய பத்துப் பதினைந்து பெண்கள், ஆள் நிற்கும் இடத்தில் வரிசையில் நிற்பதுதான் முறை என்பதுபோல அவர்களுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள்.

"இவர் ஏன் சுவரக் கட்டிப் புடிச்சிருக்காரு?" என்றாள் முதலில் நின்றவள்.

"பராமரிப்பு," என்றான் கோர்டன். பொய்யை மூட, மடாலயச் சுற்றுலாக் கையேட்டை விரித்தான். "இங்க பாருங்கம்மா, வரிசையா ஆறு அறை. அறைக்கு ஒரு துறவி. தனியா உக்காந்து, மணிக்கணக்கா, யார்கிட்டயும் பேசாம தியானம். தரையில ஓடுற இந்தக் கால்வாய் புனித நீருக்கு."

"எவ்வளவு அமைதி," என்றாள் ஒருத்தி. மூன்றாவது அறைக்குள் போய்த் தலைகுனிந்து ஜெபித்தாள்.

"சீக்கிரம் அனுப்புடா," வில்ஃப் பல்லைக் கடித்தான். "தோள் கழண்டுரும்."

அவர்கள் வந்த வரிசையிலேயே போனார்கள். மூச்சு விடுவதற்குள் சாவிக்கொத்து குலுங்க ஒரு பெண் வந்தாள். சட்டையில் மடாலய நிர்வாகச் சின்னம்.

கோர்டன் கையேட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். டென்னிஸ் வானத்தைப் பார்த்தான்.

"நான்தாம்மா," என்றான் வில்ஃப். "சாஞ்சேன், விழுந்திருச்சு. இவனுங்களுக்குச் சம்பந்தமில்ல. எந்தக் கோர்ட்டுக்கும் நானே வர்றேன். முதல்ல ஒரு நல்ல மரமுட்டு கொண்டாங்க, மிச்சத்தையாவது காப்பாத்திரலாம்."

அவள் குடையையும் தடியையும் அவன் தோளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இந்தப் பழைய கக்கூஸ இடிக்க ரெண்டு வருசமா ஆளு கேட்டுக்கிட்டிருக்கேன், நீங்க முட்டுக் குடுக்கறீங்களே பெரியவரே, மடாலயம் அந்த மரத்துக்குப் பின்னால இருக்கு."