ஆட்டைப் பற்றிய கடிதப் போக்குவரத்து

புதிதாகச் சேரும் வாத்தியாருக்குப் பாடம் நடத்த வருமா என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் கவலைப்படுவதில்லை. கையெழுத்து எப்படி என்றுதான் பார்ப்பார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும். (பிடித்தது சனி.)

வெள்ளைக்காரன் காலத்தில், ஆம்பூரில் ஒரு ஹைஸ்கூலில் உதவி ஆசிரியராக இருந்தேன். திருப்பத்தூரிலிருந்து வந்து ஆறே மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்று வகுப்புகளுக்குச் சரித்திரம், பூகோளம், அதற்கு மேல் நூலகச் சாவி, சாரணர் படை எல்லாம் என் தலையில். இதற்கிடையில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"ஆண்டு விழாவுக்கு நம்ம ஸ்கூல் சரித்திரத்த ரெண்டு பக்கம் எழுதிப் படிச்சுடுய்யா. பெரிய சாகிப் தலைமை. அவர் மனசு வெச்சாத்தான் கீத்துக் கொட்டாய்க்கு ஓடு போடலாம்."

பெரிய சாகிப் என்பவர் ஊரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த முதலாளி. ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. அழைப்பிதழில்கூடக் குடும்பப் பெயரைத்தான் போட்டிருந்தோம். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய ரிஜிஸ்தர்களைக் கரையான் தின்றிருந்தது. முதல் சேர்க்கைப் புத்தகம் மட்டும் மிச்சம். அதில் ஒரு குறிப்பு: 'மஹபூப், மூன்றாம் பாரம். வகுப்பறைக்குள் ஆட்டை ஓட்டிவந்து இந்திய தேசப்படத்தைத் தின்னச் செய்தமைக்காக நீக்கப்பட்டான்.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்புச்சப்பில்லாத இரண்டு பக்கத்துக்கு உயிர் வந்துவிட்டதே!

விழாவில் படித்தேன். ஆடு பஞ்சாபில் தொடங்கி மதராஸ் வரை மேய்ந்ததாகச் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். கூட்டம் சிரித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த மஹபூப் இன்று எந்தத் தோல் மண்டியில் மூட்டை சுமக்கிறானோ!" என்று முடித்தேன்.

பெரியவர்கள் சிரிப்பு பட்டென்று நின்றது. பின்வரிசையில் ஒரு பையன் "மே..." என்றான். அடுத்த நிமிஷம் பள்ளிக்கூடமே ஆட்டுச் சந்தை. ஹெட்மாஸ்டர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நன்றாகப் படித்ததற்குத் தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

பெரிய சாகிப் எழுந்தார். சத்தம் அடங்கியது.

"மஹபூப் நான்தான், வாத்தியாரே. மூட்டை சொமந்ததும் நெசந்தான். ஆனா அது என் ஆடு இல்ல. அப்ப இருந்த ஹெட்மாஸ்டரோட ஆடு. தானா உள்ள பூந்துச்சு. நான் வெளிய ஓட்டத்தான் எழுந்தேன். நாப்பது வருசமாச்சு. யாரோட ஆடுன்னு ஒருத்தரும் கேக்கல. நீங்களாவது விசாரிச்சிருக்கலாம்."

நாங்கள் போர்த்திய சால்வையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அந்த எழுத்த அடிச்சுடுங்க. அப்பறம் ஓடு பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ரிஜிஸ்தரில் இலாகா உத்தரவு இல்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. "ஆரம்பிச்சது நீதானே? நீயே எழுது" என்றார் ஹெட்மாஸ்டர்.

வேலூரிலிருந்த இலாகா ஆபீசுக்கு எழுதினேன். ஆடு ஹெட்மாஸ்டருடையது என்பதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்கள். காட்பாடியில் சாகிப்போடு படித்த ஒரு ரிடையரான ரயில்வே கார்டைத் தேடிப் பிடித்தேன். "ஆமாங்க, ஹெட்மாஸ்டர் ஆடுதான். செம பேஜார் புடிச்ச ஆடு. என் சிலேட்டக்கூட நக்கிச்சு" என்று கையெழுத்துப் போட்டார். அடுத்து, அது வெள்ளாடா செம்மறியா என்று கேட்டார்கள். அதற்கும் காட்பாடி போனேன். பிறகு, தேசப்படம் சர்க்கார் சொத்தா என்றார்கள். இரண்டு மழைக்காலம் ஒழுகும் கொட்டகையில் குடை பிடித்துக்கொண்டு அக்பரை நடத்தினேன். பையன்கள் முணுமுணுக்கவில்லை, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் "மே" என்பதோடு சரி.

கடைசியில் உத்தரவு வந்தது. சிவப்பு மசியில் அடித்தேன். பெரிய சாகிப் வந்து, கண்ணாடி போட்டு, சிவப்புக் கோட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தார்.

"சரி. இப்ப என் டி.சி.ய குடுங்க."

"இப்ப எதுக்குங்க?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அன்னிக்குத் தரல. எங்க அப்பா மூணு தடவ வந்து இந்த வாசல்ல நின்னுட்டுப் போனாரு."

நான் உட்கார்ந்து எழுதினேன். 'நடத்தை: நன்று.' அவர் மசியை ஊதிக் காயவைத்து, மடித்து, உள்பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரமே ஓடு வந்து இறங்கியது.

எனக்கு வேலை நிரந்தரமானது. பெயரும்தான். பல வருஷம் கழித்து என் பெண்ணைப் பார்க்க அரக்கோணத்திலிருந்து வந்தவர்கள், என் பெயரைச் சொல்லித் தெருத்தெருவாக அலைந்திருக்கிறார்கள். கடைசியில் ஒருவர், "ஆட்டு வாத்தியாரா? இன்னாங்க, அப்டிக் கேக்க வேணாமா!" என்று கொண்டுவந்து விட்டாராம்.

காப்பி குடித்ததும் பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பள்ளிக்கூட உத்தியோகத்தோட ஆட்டு வியாபாரமும் உண்டுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "வியாபாரம் இல்லீங்க. விசாரணை."