எஞ்சினுக்கும் நெற்றி உண்டு

கொட்டகலையிலிருந்து தலவாக்கலை வரை, எஞ்சினுக்கும் நெற்றி உண்டு என்று நம்பிய ஒரே மனிதன் ‘காய்ச்சல்’தான். தான் மெக்கானிக்காக வேலை செய்யும் கராஜ் வாசலில் ஏற்றம் ஏறி வரும் ஆட்டோவை மறிப்பான். புறங்கையைச் சிலிண்டரில் வைப்பான். “ஒடம்பு சுடுது. எல்லாரும் எறங்கி நடங்க!” ஒருமுறை கல்யாண மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக நடந்து போனார்.

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வரை என்னோடு படித்தவன். நானோ எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் பார்த்தவன், அதுவும் எஞ்சினியரிங். ஆனாலும் அப்பாவின் ஆட்டோ லேசாக இருமினால் போதும், வீட்டில் கேட்கும் முதல் குரல், “காய்ச்சலக் கூப்புடு!” எனக்கு வயிறு எரியும்.

போன விடுமுறையில் ஆட்டோ ஏற்றத்தில் திணறியது. “இந்தத் தடவ நான் பாக்குறேம்பா” என்றேன். அப்பா யோசித்து, ஒரு நாள் தவணை தந்தார். அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் எஞ்சின். எரியும் வாயுவிலிருந்து சிலிண்டர் சுவருக்குப் போகும் வெப்பத்தை மூன்று பக்கம் கணக்குப் போட்டேன். விடை வந்தது, ஆட்டோ வரவில்லை.

அம்மா எனக்குத் தெரியாமல் ஆளனுப்பிவிட்டாள். காய்ச்சல் வந்தான், புறங்கையை வைத்தான், மோந்து பார்த்தான்.

“மாமா, இதுக்குக் கம்பளி போத்துனீங்களா?” என்று அப்பாவைக் கேட்டான்.

“பனி கொட்டுதேடா. அதுக்குக் குளிராதா?”

காய்ச்சல் எஞ்சின் மூடியைக் கழற்றினான். அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகையில் மழைக்குப் போர்த்திய பழைய கம்பளியின் ஒரு முனை, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கிடையில் கருகி அடைத்துக்கிடந்தது. சூடு வெளியேற வழியில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் சிரித்தன. நான் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

“மச்சான், ஒண்ணு கேக்கவா?” காய்ச்சல் குரலைத் தாழ்த்தினான். “உள்ள எரியிற சூட்டுக்கு அலுமினியம் உருகி ஓடணுமே, ஏன் ஓடல? கராஜுல கேட்டா ஏசுறானுங்க.”

“செவுத்த ஒட்டி வாயு மெல்லிசா ஒரு படலமா நிக்கும். அதுல அவ்ளோ சூடு இல்ல. நடுவுல எரியிற சூடு அதத் தாண்டித்தான் செவுத்துக்கு வரணும். அதுக்குள்ள புதுக் காத்து உள்ள வந்துரும்.”

“அப்ப உள்ளயும் ஒரு கம்பளி!” என்று கத்தினான். “மாமா, கேட்டீங்களா ஒங்க மகன் சொல்றத?” பிறகு தழும்பேறிய தன் புறங்கையைப் பார்த்தான். “நான் சுட்டுக்கிட்டும் தெரியாதது, ஒனக்குத் தொடாமயே தெரியுதேடா. பொறாமையா இருக்கு.”

நான் சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டான்.

அடுத்தமுறை ஆட்டோ இருமியபோது அப்பா, “ரெண்டு பேரையும் கூப்புடு” என்றார். இப்போதெல்லாம் வகுப்பில் புதிதாக எதைக் கற்றாலும், என் முதல் போன் காய்ச்சலுக்குத்தான்.