பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கார்

“ஹீட்டர் எதுக்கு பாய்?” என்றார் சண்முகம்.

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார். அப்படியும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“குளிருக்கு, அண்ணாச்சி.”

“போர்ட் பிளேர்ல ஏதுய்யா குளிர்?”

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மெட்ராஸ் கம்பெனிக்குத் தெரியுமா?” என்றார் சிராஜ். அந்தக் கார் கம்பெனிக்குத் தீவில் அவர்தான் ஏஜென்ட். “ஹீட்டர், ரேடியோ, சீட் கவர். இந்த மூணும் இல்லாம வண்டி குடுக்க மாட்டாங்க.”

“பேப்பர்ல பத்தாயிரத்து ஐந்நூறுன்னுதானே போட்டிருந்தான்?”

“அது பேப்பர்ல. வண்டிக்கு எக்சைஸ் டூட்டி உண்டு. அதையும் கூட்டிக்கிட்டு, அந்த மொத்தத்துக்கு சேல்ஸ் டாக்ஸ்.”

“வரிக்கே வரியா?”

“வரியும் நீங்க குடுக்குற விலைதானே அண்ணாச்சி.”

சிராஜ் பென்சிலால் கூட்டிக் காட்டினார். பதின்மூவாயிரத்து நூற்று நாற்பது.

சண்முகத்துக்கு அபெர்டீன் பஜாரில் பெரிய மளிகைக் கடை. சொந்தமாக ஒரு லாரி. போன மாதம் குடியரசு தின விருந்துக்குப் பட்டு அங்கவஸ்திரத்தோடு அந்த லாரியில்தான் போய் இறங்கினார். வாசல் காவலாளி லாரியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “வெங்காயம் பின்வாசல்” என்று கையைக் காட்டிவிட்டான். கார் வாங்குவது என்று அந்தப் பின்வாசலிலேயே முடிவாகிவிட்டது.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த வீட்டில் நீலாவதி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் சொன்னதைக் கேட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

“இருக்குற ரோடே இருபது மைல். சௌல்தாரி வரைக்கும் போனா அப்புறம் திரும்பித்தான் வரணும்.”

“திரும்பி வர்றதுக்கும் கார்தான்.”

“என்னமோ செய்யுங்க. இந்திராணி மெட்ராஸ் காலேஜுக்கு எழுதிப் போட்டிருக்கா. ஜூன்ல கப்பல் ஏறணும். அவ பணத்துல மட்டும் கை வைக்காதீங்க.”

தீவில் கல்லூரி என்ற ஒன்று இல்லாத காலம். மகளுக்காகப் போட்டு வைத்த பணம் தபால் ஆபீசில் இருந்தது.

“அதை நான் எதுக்குத் தொடப்போறேன்?” என்றார் சண்முகம், மிகவும் புண்பட்டவராக.

ஹீட்டர் வேண்டாம் என்று அவர் கம்பெனிக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதினார். கடிதம் ஒரு கப்பலில் போய், பதில் இன்னொரு கப்பலில் வர ஐந்து வாரம் ஆயிற்று.

“என்ன எழுதியிருக்கான் பாய்?”

“ஹீட்டர் இல்லாத வண்டி ஸ்பெஷல் ஆர்டராம். ஹீட்டருக்கு நூத்தம்பது. ஹீட்டர் இல்லாததுக்கு இருநூறு.”

“இல்லாததுக்கு இருநூறா! சரி, ஹீட்டரோடவே அனுப்பச் சொல்லும்.”

“சொல்லலாம். ஆனா நடுவுல பட்ஜெட் வந்து டூட்டி ஏறிப்போச்சு. எழுநூறு கூட.”

அன்று இரவுச் சாப்பாட்டில் நீலாவதி ரசத்தை ஊற்றிக்கொண்டே, “நூத்தம்பதை மிச்சம் பிடிக்க எழுநூறு. பரவாயில்லை, ஹீட்டர் மிஞ்சிச்சு” என்றாள். சண்முகம் மோர் கேட்டார்.

மறுநாள் அவருக்கு வேறொரு யோசனை தோன்றிவிட்டது.

“மெட்ராஸ் சேல்ஸ் டாக்ஸை நான் எதுக்குய்யா குடுக்கணும்? மெட்ராஸ்லயா ஓட்டப்போறேன்? வண்டிய இங்க கொண்டாந்து குடுத்து, பில்லையும் இங்கேயே போடச் சொல்லும்.”

அதற்கும் பதில் வந்தது. இங்கே கொண்டுவந்து கொடுத்தால் அந்த வரி போய் வேறொரு வரி வரும். அதோடு துறைமுகக் கூலி, கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், கிரேன் ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, மேற்பார்வை தொண்ணூறு.

“என்ன மேற்பார்வை?”

“வண்டி கப்பல்ல ஏறுறதை ஒருத்தர் நின்னு பாப்பார்.”

“பாக்குறதுக்குக் காசா! நீர் ஒண்ணும் சேக்கலையா?”

“நான் என்ன அண்ணாச்சி, எல்லாத்துக்கும் கடைசில ஒரு நூறு போட்டிருக்கேன். தபால் செலவு. நீங்கதான் நிறைய எழுதறீங்களே.”

பென்சில் பதினைந்தாயிரத்தில் வந்து நின்றது. சண்முகம் எரிச்சலோடு கடைக்குத் திரும்பினார். அங்கே பி.டபிள்யூ.டி. ஓவர்சியர் பன்னீர்செல்வம் பையோடு நின்றிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, துவரம்பருப்பு மெயின்லேண்டை விட ஒன்றரை மடங்கு விக்கிறீங்க?”

“கப்பல் கூலி சார். ஏத்துக் கூலி, இறக்குக் கூலி, எலி தின்னது வேற. நான் ஒரு பைசா சேக்கல.”

ஓவர்சியர் பருப்பு வாங்காமல் போய்விட்டார்.

மே மாதம் பணம் முழுவதும் திரண்டுவிட்டது. சண்முகம் நோட்டுக்கட்டைச் சிராஜின் மேஜையில் வைத்தார்.

“இந்தாரும் பதினைஞ்சாயிரம். வண்டி எப்ப வரும்?”

“எட்டு வருஷம் ஆகும்.”

“எட்டு வருஷமா!”

“கியூ அண்ணாச்சி. நாடு முழுக்கக் காத்துக் கிடக்குது.”

“இத்தனை நாளா நீர் ஒரு வார்த்தை சொன்னீரா?”

“விலை இதுன்னு சொன்னேன். வண்டி இருக்குன்னு எப்பவாவது சொன்னேனா?”

சண்முகம் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். சிராஜுக்கே இரக்கமாக இருந்தது.

“ஒரு வழி இருக்கு. கவர்மெண்ட் ஸ்டாஃபுக்குத் தனி கியூ. நம்ம தீவுலயே ஒருத்தருக்கு ஜூன் கப்பல்ல வண்டி ஒதுக்கியாச்சு. முன்னாடி எப்பவோ எழுதி வச்சது. அவங்க லெட்டர் எழுதி உங்க பேருக்கு மாத்திக் குடுக்கத் தயார். பிரீமியம் ரெண்டாயிரம்.”

“யாருய்யா அது?”

“பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

வீட்டுக்கு வருவதற்குள் சண்முகம் கண்டுபிடித்துவிட்டார்.

“ஓவர்சியர்தான்! போன வாரம் ரோட்ல நின்னு ஒரு ஜீப்பையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தான். பருப்புக்குப் பழி வாங்குறான்.”

“ரோடு போடுறவர் ரோட்லதானே நிப்பார்” என்றாள் நீலாவதி.

“ரெண்டாயிரம் எதுக்குக் கேக்கணும்? பேராசை.”

“அவங்களுக்கும் என்ன செலவோ. பிள்ளை படிப்பு அது இதுன்னு இருக்கும்.”

“ஓவர்சியருக்குப் பிள்ளையே கிடையாது!”

“அப்படியா?” என்று நீலாவதி அடுத்த தாளை எடுத்தாள்.

ஓவர்சியரைக் குளிர வைத்துப் பிரீமியத்தைக் குறைத்துவிடலாம் என்று கிளம்பினார் சண்முகம். முதலில் மெயின்லேண்ட் விலைக்குத் துவரம்பருப்பு அனுப்பினார். பிறகு விலையே இல்லாமல் இரண்டு கிலோ வஞ்சிரம். பிறகு ஒரு டின் நெய்.

“அண்ணாச்சி, இதெல்லாம் எதுக்கு?” என்றார் ஓவர்சியர் நெய்யை உள்ளே வைத்துவிட்டு.

“சும்மாதான். அந்த லெட்டர் விஷயம் மனசுல இருக்கட்டும்.”

“எந்த லெட்டர்?”

சண்முகம் கண்ணடித்தார். “புரியுது, புரியுது. ரகசியம்.”

ஓவர்சியருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொன்னால் நெய் நின்றுவிடுமோ என்று அவரும் பதிலுக்குக் கண்ணடித்தார்.

பத்து நாள் கழித்துச் சண்முகம் சிராஜிடம் போனார்.

“இப்ப இறங்கி வந்திருப்பாரே?”

“இல்ல அண்ணாச்சி. ரெண்டாயிரத்து நானூறு ஆயிருச்சு.”

“வஞ்சிரம் குடுத்தேன்யா!”

“அது எனக்குத் தெரியாது. செலவு கூடிப்போச்சாம். இந்த வாரத்துக்குள்ள பணம் வரலைன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டாங்க.”

அதே வாரம்தான் இந்திராணிக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இடம் உண்டு, விடுதிக்கட்டணம் உயர்ந்திருக்கிறது, ஜூன் இருபதுக்குள் வந்து சேர வேண்டும்.

சண்முகம் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கிற மாதிரி முகத்தை அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னார்:

“படிப்பு அடுத்த வருஷமும் இருக்கும்மா. கார் இருக்காது.”

“அப்பா, எனக்கு சீட்டு இந்த வருஷத்துக்குத்தான்பா.”

“கடையில ஒத்தப் பைசா இல்லை. தபால் ஆபீஸ் பணம் ஒண்ணுதான்…” என்று மனைவியைப் பார்த்தார். அவளுக்குச் சொல்ல மூன்று நியாயங்கள் தயாராக வைத்திருந்தார். மூன்றும் வீணாயின. நீலாவதி பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினாள்.

“எடுத்துக் குடுத்துருங்க. இன்னிக்கே பாய் கையில குடுத்துருங்க.”

“நீயா சொல்ற?”

“காரியம் நடக்கணும்ல.”

இந்திராணி அழுதுகொண்டே சமையலறைக்குள் ஓடினாள். தாயும் பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னப் பெண்தானே, காரை நினைத்துத் தேறிவிட்டாள் என்று சண்முகம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கப்பல் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கூடத்தில் ஒரு தகரப் பெட்டி திறந்து கிடந்தது. நீலாவதி மகளுடைய துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?”

“அவ மெட்ராஸுக்குக் கிளம்புறா. இப்ப வர்ற கப்பல் திரும்பிப் போகும்போது அதுலயே. டிக்கெட் எடுத்தாச்சு.”

“பணம்?”

“ஸ்கூல் மூலமா கொஞ்சம் வந்துச்சு.”

“நல்ல ஸ்கூல்” என்றார் சண்முகம். அதற்கு மேல் கேட்க அவருக்கு நேரமில்லை. காருக்கு மாலை சொல்லியாக வேண்டும்.

சாத்தம் ஜெட்டியில் கூட்டமான கூட்டம். கிரேனில் தொங்கியபடி கார் மெதுவாக இறங்கியது. பதினேழாயிரத்து நானூறு ரூபாய் காற்றில் ஆடுவதைச் சண்முகம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். சக்கரங்கள் தரையைத் தொட்டதும் மாலையோடு ஓடிப்போய்ப் போட்டார்.

சிமென்ட் மூட்டை எண்ண வந்த ஓவர்சியர் அங்கே நின்றிருந்தார். சண்முகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் உங்க தயவு சார்.”

“நான் என்ன அண்ணாச்சி செஞ்சேன்?”

“இந்த அடக்கம்தான் சார் உங்ககிட்ட பிடிச்சது.”

கொஞ்ச தூரத்தில் நீலாவதி நின்றாள். கப்பலின் மேல்தட்டிலிருந்து இந்திராணி கையை ஆட்டினாள். தாயும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டினாள்.

சிராஜுக்குக் காய்ச்சல். காகிதங்களை உறையில் போட்டு ஜெட்டி ஆபீசுக்கு அனுப்பியிருந்தார். கிளார்க் ஒவ்வொன்றாக டிக் அடித்தான்.

“பில் டீக். கிரேன் டீக். மேற்பார்வை டீக்.”

“சாவி?”

“ஏக் மினிட் சேட்ஜி. கார் யாருக்கு ஒதுக்கினதோ அவங்க கையெழுத்து ஒண்ணு பாக்கி.”

“அதோ நிக்கிறாரே!” என்று ஓவர்சியரைக் காட்டினார் சண்முகம்.

கிளார்க் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனான். ஓவர்சியரைக் கடந்து போனான். கப்பலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்த நீலாவதியின் முன்னால் போய் நின்று பேனாவை நீட்டினான்.

“டீச்சர்ஜி, பொண்ணு கப்பல் ஏறியாச்சுன்னா இங்க ஒரு தஸ்கத் போடுங்க, நீங்க வித்த வண்டியோட சாவிய உங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கணும்.”